அன்புக்கும் ஒழுங்கு வேண்டும்

ஒரு பங்கு யூபிலி கொண்டாடும் வேளையில், எழுப்பிய கோயிலையும், வார்த்த மணியையும், உழைத்துச் சென்ற குருக்களையும் நன்றியோடு நினைவுகூருகிறோம். அது நம் கடமை. ஆயினும் பங்கின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. பசித்த வீட்டிற்குச் சோறு கொண்டுபோனவர் யார்? வேலைக்குப் போன தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் யார்? கணவனை இழந்தவளின் வாசற்படியை மிதித்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதும் வரலாறேயாகும்.

ஏழைக் குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவ ஒரு சங்கத்தைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவது அரிது. உணர்ச்சி வேகத்தில் பிறந்த எத்தனையோ சங்கங்கள், இரண்டாம் ஆண்டறிக்கையைக் காணுமுன்னே மறைந்துவிடுகின்றன. அப்படி மறையாமல் நின்று, குழந்தைகளைக் காக்கும் பணிக்கே ஒரு புதிய பாதையை வகுத்த ஒரு முயற்சியின் வரலாற்றை இங்கே வாசகர்முன் வைக்கிறோம். அது பிரான்சு நாட்டில், 17-ஆம் நூற்றாண்டில் நடந்தது. அதன் நாயகர் புனித வின்சென்ட் தே பவுல். நாயகி புனித லூயிஸ் தெ மரிலாக்.

ஒரே நாளில் வந்து குவிந்த உணவு

வின்சென்டார் 1581-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பிரான்சில் பூய் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கால்நடைகளை மேய்த்தவர். 1600-இல் குருப்பட்டம் பெற்றார். 1617-ஆம் ஆண்டில் ஷத்தியோன் என்னும் ஊருக்குப் பங்குக் குருவாகச் சென்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் பூசைக்கு உடை அணிந்துகொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயுற்றுக் கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்ற செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொன்னார். மக்களின் உள்ளம் இளகிற்று. பிற்பகலில் அவர் அந்த வீட்டை நோக்கி நடந்தபோது, வழியெங்கும் பெண்கள். சிலர் போகிறார்கள், சிலர் திரும்புகிறார்கள், சிலர் வெயிலுக்கு ஒதுங்கி மர நிழலில் அமர்ந்திருக்கிறார்கள். திருவிழாச் சுற்றுப்பிரகாரம் போலிருந்தது அக்காட்சி.

வேறொருவராயிருந்தால் தம் பிரசங்கத்தின் வெற்றியை எண்ணி மகிழ்ந்திருப்பார். வின்சென்டாரோ கவலைப்பட்டார். இன்று இவ்வளவு உணவு வந்து குவிந்திருக்கிறது, பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் இந்தக் குடும்பம் முன்போலப் பட்டினி கிடக்கும் அன்றோ? இம்மக்களிடம் அன்பு நிறைய இருக்கிறது, அதற்கு ஒழுங்கு இல்லை என்று அவர் கண்டார். குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான அமைப்புகளின் வரலாற்றில் இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு எனின் மிகையாகாது.

சில நாட்களுக்குள்ளே அவ்வூர்ப் பெண்களைக் கூட்டி, முறை வைத்து, இன்னார் இன்ன நாளில் உணவு சமைத்துக் கொண்டுபோவது என்று ஏற்பாடு செய்தார். அதுவே முதல் பிறரன்புச் சபை. 1617 டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, அது முறைப்படி நிறுவப்பட்டது.

அச்சபைக்கு அவர் எழுதித் தந்த விதிகள் இன்றும் படிக்கத்தக்கவை. உணவு கொண்டுபோகும் பெண் நோயாளியை முகமலர்ச்சியோடு வாழ்த்த வேண்டும். கட்டில்மேல் பலகை வைத்து, துணி விரித்து, நோயாளியின் கையைக் கழுவிவிட வேண்டும். அதன்பின் பரிமாற வேண்டும். பல வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தால், துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் பார்த்து, தனியாய்க் கிடப்பவரைக் கடைசியில் பார்க்க வேண்டும். அப்போதுதான் தனித்திருப்பவரோடு கூடுதல் நேரம் தங்க முடியும்! எவ்வளவு நுட்பமான அன்பு பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் விதி உண்டு. சபையின் பணம் இரு பூட்டுகள் கொண்ட பெட்டியில் இருக்க வேண்டும்; ஒரு சாவி தலைவியிடம், மற்றொன்று பொருளாளரிடம். ஆண்டு முடிவில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அந்தப் பெண்கள்மேல் சந்தேகம் கொண்டு அவர் இவ்விதியை எழுதவில்லை. நல்லவர்கள்மீது வீண்பழி வராமல் காப்பது கணக்கே என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிர்வாகத்தில் வல்ல ஒரு விதவை

சபைகள் ஊர்தோறும் பெருகின. பெருகியபின் வழக்கமான நோய்கள் வந்தன. ஓரிடத்தில் உற்சாகம் குன்றியது. வேறிடத்தில் கணக்கு நின்றுபோயிற்று. மற்றோரிடத்தில் உறுப்பினரிடையே மனத்தாங்கல். இவற்றை யார் போய்ப் பார்ப்பது? இங்கேதான் லூயிசம்மையார் வருகிறார்.

லூயிஸ் தெ மரிலாக் 1591 ஆகஸ்டு 12-இல் பிறந்தார். தந்தை உயர்குலத்தவர், தாய் யாரென்று வரலாறு அறியவில்லை. தாய் மடி அறியாமல் கன்னியர் மடத்திலும் பிறகு ஒரு விடுதியிலும் வளர்ந்தவர் அவர். 1613-இல் அரசியின் செயலர்களில் ஒருவரான அந்துவான் லெ கிராஸ் என்பவரை மணந்தார். 1625 டிசம்பரில் விதவையானார். கையில் ஒரே மகன். மனத்தில் ஓயாத கலக்கம்.

வின்சென்டார் அவருடைய கலக்கத்தையும் கண்டார், அதற்குள்ளே மறைந்திருந்த ஆற்றலையும் கண்டார். அவசரப்படவில்லை, சில ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1629 மே மாதத்தில் அவரை மொன்மிராயில் பகுதிக்கு அனுப்பினார். அங்குள்ள சபைகளைப் பார்வையிட்டு வருவதே வேலை. லூயிசம்மையார் ஊர் ஊராகச் சென்று, கணக்கேடுகளைப் பார்த்தார், நோயாளிகளைச் சந்தித்தார், சிறுமிகளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் கற்பித்தார், குறைகளை எழுதி அனுப்பினார். ஓர் அமைப்பைத் தொடங்கிவைப்பவர் ஒருவர். அதை நிலைநிறுத்துபவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் மதித்து நடந்தபடியால் அப்பணி நிலைத்தது.

பாரிஸ் நகரில் இன்னொரு சிக்கல் எழுந்தது. அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெருங்குடிச் சீமாட்டிகள். நோயாளியின் வீட்டிற்குச் சூப்புப் பானை தூக்கிப்போக அவர்களால் இயலவில்லை. கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கணவன்மார் தடுத்தனர். எனவே வேலைக்காரிகளை அனுப்பினர். கூலிக்குப் போனவர் கூலிக்குத் தக்கபடி செய்தனர். பணி பாழாயிற்று.

அப்போது 1630-ஆம் ஆண்டளவில் சுரேன் என்னும் ஊரிலிருந்து ஓர் ஏழைப் பெண் வந்தாள். பெயர் மார்கரீத் நாசோ. மாடு மேய்த்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தானே கற்றுக்கொண்டு, பின் மற்றப் பெண்களுக்கும் கற்பித்தவள். ஏழைகளுக்குத் தன் கையாலேயே பணி செய்ய விரும்பினாள். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே இடமளித்துத் தாங்கியதால், 1633-இல் தானும் அந்நோய்க்கு இரையானாள். அவளைப் பின்பற்றி வந்த கிராமப்புறப் பெண்கள் சிலரை, அதே ஆண்டு நவம்பர் 29-இல் லூயிசம்மையார் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பிறரன்புப் புதல்வியர் சபை அவ்வாறு பிறந்தது. அக்காலத்துக் கன்னியர் மதிலுக்குள் வாழ்ந்தனர். இவர்களுக்கோ நோயாளிகளின் வீடே மடம், நகரத்துத் தெருவே மதில் என்ற பொருள்பட வின்சென்டார் வழி வகுத்தார்.

மூவகையினர் இங்கே ஒன்று சேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். பணமும் செல்வாக்கும் சீமாட்டிகளுடையவை, கையும் காலும் கிராமத்துப் பெண்களுடையவை, நிர்வாகம் லூயிசம்மையாருடையது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும், அடுத்து வந்த பெரும் பணியை அவர்கள் தாங்கியிருக்க மாட்டார்கள்.

படிக்கட்டில் கிடந்த சிசுக்கள்

அந்நாளில் பாரிஸ் நகரில் ஆண்டுக்கு முந்நூறு, நானூறு சிசுக்கள் தெருவோரங்களிலும் கோயில் வாசல்களிலும் விடப்பட்டன. அவை ‘லா கூஷ்’ என்னும் ஒரு வீட்டிற்குக் கொண்டுபோகப்பட்டன. ஒரு விதவையும் ஓரிரு பணிப்பெண்களும் அங்கே இருந்தனர். பால் போதவில்லை. அழுகையை அடக்க மயக்க மருந்து புகட்டினர். எட்டுச் சல்லிக்குக் குழந்தைகளை விற்றனர் என்றும், வாங்கியவர்களுள் சிலர் இரக்கம் காட்டிப் பிச்சையெடுப்பதற்காக அவற்றின் கைகால்களை முறித்தனர் என்றும் வின்சென்டாரே சீமாட்டிகளிடம் எடுத்துரைத்திருக்கிறார்.

இச்செய்தி அறிந்தும் பலர் தயங்கினர். காரணம், ‘இவை பாவத்தில் பிறந்த பிள்ளைகள்’ என்ற எண்ணம். குற்றம் செய்தவர் வேறு, தண்டனை பெறுபவர் வேறு என்ற அநீதியை அக்காலச் சமூகம் அநீதியாகவே கருதவில்லை. தாயின் பெயர் அறியாமல் வளர்ந்த லூயிசம்மையாருக்கு அந்தப் பேச்சு எப்படிப்பட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அவர் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வேலையைத் தொடங்கினார்.

தொடங்கிய விதம்தான் அழகு. முந்நூறு குழந்தைகளையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1638-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இரண்டு மூன்று குழந்தைகளை எடுத்துப் பசும்பால் கொடுத்து வளர்க்க முடியுமா என்று பார்க்கும்படி வின்சென்டார் லூயிசம்மையாருக்கு எழுதினார். பிறகு 12 குழந்தைகளை எடுத்தனர். எந்தப் பன்னிரண்டு? யாரைத் தேர்வது, யாரை விடுவது? மனிதர் தேர்ந்தெடுக்க மனம் வராமல் சீட்டுப் போட்டு எடுத்தனர். நகரின் சேன் விக்தோர் வாயிலருகே வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் அவர்களை வைத்தனர். இடம் கிடைக்கக் கிடைக்க மேலும் சிலரைச் சேர்த்தனர்.

இரண்டு ஆண்டுகள் பழகியபின், 1640-இல்தான் கைவிடப்பட்ட குழந்தைகள் அனைவரையும் ஏற்பதென்று முடிவு செய்தனர். சிறிதாய்த் தொடங்கி, கற்று, பின் விரிவாக்குவது என்பது நம் காலத்து நிர்வாக நூல்களில் எழுதப்படுகிறது. அதை அவர்கள் தொட்டிலருகே நின்று கற்றுக்கொண்டனர்.

பச்சைக் குழந்தைகளை நாட்டுப்புறத்துச் செவிலித்தாயரிடம் மாதக் கூலிக்கு விட்டனர். விட்டதோடு நிற்கவில்லை. எந்தக் குழந்தை எந்தச் செவிலியிடம் என்று பதிவேடு எழுதினர். சகோதரிகள் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைப் பார்த்து வந்தனர். பால்குடி மறந்தபின் இல்லத்திற்கு அழைத்துவந்து, எழுத்தும் செபமும் பிறகு ஒரு தொழிலும் கற்பித்தனர். 1645-இல் அவர்களுக்கென்று 13 சிறு வீடுகள் கட்டப்பட்டன.

பணம் தீர்ந்தபோது

நல்ல பணிக்குப் பணம் தானே வரும் என்பார் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1642-இல் மன்னர் 13-ஆம் லூயி ஆண்டுக்கு 4,000 லீவர் மானியம் அளித்தார். 1644-இல் அரசி ஆன் மேலும் 8,000 லீவர் அளித்தார். ஆக 12,000. செலவோ ஏறக்குறைய 40,000. மீதியைச் சீமாட்டிகள் திரட்ட வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் களைத்துப்போயினர்.

1647-இல் குழந்தைகளை நகருக்கு வெளியே பிசேத்ர் என்னும் பழைய கோட்டைக்கு மாற்றினர். இடம் பெரிது, வாடகை இல்லை என்பது சீமாட்டிகளின் எண்ணம். அங்குள்ள காற்று பச்சைக் குழந்தைகளுக்கு ஆகாது, கட்டடமும் தக்கதன்று என்று லூயிசம்மையார் எச்சரித்தார். பெரியதாய்க் கிடைத்த கட்டடத்தின் கவர்ச்சி அந்த எச்சரிக்கையை வென்றது. குழந்தைகள் பலர் அங்கே மாண்டனர். குழந்தைகளோடு இரவும் பகலும் இருப்பவரின் சொல்லை, பணம் கொடுப்பவர்கள் கேளாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு இது துயரமான சான்று.

அடுத்து உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1648 முதல் 1653 வரை பிரான்சு கொந்தளித்தது. 1649-இல் போர்வீரர்கள் நடமாடிய பிசேத்ரிலிருந்து குழந்தைகளைப் பாரிசுக்குத் திருப்பிக் கொண்டுவந்தனர். கூலி கிடைக்காத செவிலித்தாயர் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போயினர். ரொட்டிக்குக் கடன், துணிக்குக் கடன். இனி இப்பணியைக் கைவிடத்தான் வேண்டுமோ என்று வேதனையோடு லூயிசம்மையார் வின்சென்டாருக்கு எழுதினார்.

இந்த நெருக்கடிக் காலத்தில்தான், குழந்தைகளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யச் சீமாட்டிகள் கூடினர். வின்சென்டார் அவர்களிடம் பேசினார். பெற்ற தாய்மார் கைவிட்டபின் நீங்கள் இக்குழந்தைகளுக்குத் தாயானீர்கள். இப்போது தாயாக இருப்பதை விட்டு, நீதிபதிகளாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்றால் வாழ்வர், விட்டால் நாளையே சாவர் என்ற கருத்தை அவர்கள்முன் வைத்தார். அவர்கள் கண்ணீர் சிந்தினர். குழந்தைகளைக் கைவிடுவதில்லையென முடிவாயிற்று.

அந்தப் பேச்சைப் பலரும் அறிவர்; ஓவியங்களும் உண்டு. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னே பத்தாண்டுப் பதிவேடுகள் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. எத்தனை குழந்தைகள், எவ்வளவு செலவு, எவ்வளவு கடன் என்று துல்லியமாகச் சொல்ல முடிந்ததால்தான் அந்த வேண்டுகோளுக்கு உயிர் இருந்தது.

1660 மார்ச்சு 15-இல் லூயிசம்மையாரும், செப்டம்பர் 27-இல் வின்சென்டாரும் இறைவனடி சேர்ந்தனர். ஒரே ஆண்டில் இருவரும் மறைந்தும் பணி நிற்கவில்லை. விதிகள் எழுதப்பட்டிருந்தன, சகோதரிகள் பயிற்சி பெற்றிருந்தனர். 1670-இல் மன்னர் 14-ஆம் லூயி கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தை அரசாணையால் நிலைப்படுத்தினார்.

கதவு திறந்திருந்தும் தீராத துயரம்

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். அடுத்த நூற்றாண்டு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. கைவிடப்பட்ட குழந்தைகளின் தொகை ஆண்டுதோறும் ஏறிற்று. 1772-இல் மட்டும் 7,676 குழந்தைகள் பாரிஸ் இல்லத்திற்கு வந்தனர். வெளி மாகாணங்களிலிருந்துகூடக் கூலியாட்கள் சிசுக்களைச் சுமந்து வந்தனர். வழியிலேயே பல இறந்தன. 1779-இல் அரசு அதைத் தடை செய்தது. வந்து சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டு நிறையுமுன் மடிந்தனர்.

இக்குழந்தைகள் அனைவரும் மணமாகாத பெண்களின் பிள்ளைகள் அல்லர். ரொட்டி விலை ஏறிய ஆண்டுகளில், மணமான ஏழைத் தம்பதியரும் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். குழந்தை வளர்ப்பைப் பற்றி உலகறிந்த நூல் எழுதிய ரூசோவே தம் ஐந்து குழந்தைகளையும் அந்த இல்லத்தில் விட்டதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

கைவிடப்பட்ட குழந்தையை ஏந்திக்கொள்வது இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆனால் அது மட்டும் போதாது. அந்தத் தாய் ஏன் கைவிட்டாள் என்று யாரேனும் கேட்க வேண்டும். அவள் கையில் நாலு காசும், குழந்தைக்கு ஒரு நிழலும் இருந்திருந்தால் அவளே வளர்த்திருப்பாள் அன்றோ?

குழந்தையும் தாயும் சேர்ந்திருக்க

19-ஆம் நூற்றாண்டில் அதே பாரிஸ் நகரில் அக்கேள்வி கேட்கப்பட்டது. முதலில் வீட்டைத் தேடிப்போகும் வழக்கம் புத்துயிர் பெற்றது. 1833 ஏப்ரல் 23-இல் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் கூடித் தொடங்கியதே, பின்னர் வின்சென்ட் தே பவுல் சபை என்று பெயர் பெற்றது. அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ராந்து என்னும் பிறரன்புப் புதல்வி. பாரிசின் மிக ஏழ்மையான பகுதி ஒன்றில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர் அவர். எந்த வீட்டிற்குப் போவது, எப்படிப் பேசுவது, என்ன கொடுப்பது என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2003-இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் வழங்கப்பட்டது. நம் பங்குகளில் இன்று வீடு சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபையார், தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சகோதரியின் மாணவர்களே.

அடுத்தது குழந்தைக் காப்பகம். பிர்மின் மார்போ என்பவர் ஒரு சட்ட வல்லுநர்; பாரிசின் ஒரு வட்டாரத்தில் துணை மேயர். 1844-இல், இரண்டு முதல் ஆறு வயதுவரை உள்ள ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்தப் பள்ளிகள் நன்றாகவே நடந்தன. மார்போவுக்கு ஓர் எளிய ஐயம் எழுந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எங்கே? தாய் துணி வெளுக்கப் போய்விட்டால் பால்குடிக் குழந்தை யாரிடம் இருக்கிறது? அவர் நேரே போய்ப் பார்த்தார். காற்றோட்டமில்லாத அறைகளில், கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம், அழுக்கில் கிடந்தன அக்குழந்தைகள். தாய்மார் தம் சொற்பக் கூலியில் ஒரு பகுதியை அதற்கும் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

1844 நவம்பர் 14-இல் ஷையோ பகுதியில் சில தொட்டில்களோடு அவர் ஒரு காப்பகம் திறந்தார். அதற்கு ‘கிரெஷ்’ என்று பெயரிட்டார். அச்சொல்லுக்குத் தீவனத்தொட்டி, பெத்லகேம் மாட்டுக்குடிலின் முன்னிட்டி என்று பொருள். இன்று நம் ஊர் நூற்பாலையிலும் அலுவலகத்திலும் ‘கிரீச்’ என்று சொல்கிறோமே, அச்சொல்லின் பிறப்பு இதுதான்.

அங்கே தாய் நாளொன்றுக்கு 20 சாந்தீம் செலுத்தினாள். இலவசமாகக் கொடுத்தால் தாய் தன்னைப் பிச்சைக்காரியாக எண்ணுவாள் என்பது மார்போவின் கருத்து. வேலைக்கு இடையில் அவள் வந்து பால் கொடுக்கலாம். இரவிலும் ஞாயிறுகளிலும் காப்பகம் மூடியிருக்கும். அப்போது குழந்தை தாயிடமே இருக்கும். பாருங்கள், எவ்வளவு பெரிய மாற்றம்! பழைய இல்லத்தின் வாசலில் தாய் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். இந்த வாசலில் காலையில் விட்டு மாலையில் தூக்கிப்போனாள்.

மார்போவின் ஏற்பாட்டிலும் குறை உண்டு. நன்னடத்தையுள்ள தாய்மாரின் குழந்தைகளையே சேர்ப்பது என்பது அவருடைய விதி. உதவி மிகவும் தேவைப்பட்ட மணமாகாத தாய்க்கு அதனால் கதவு அடைபட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வின்சென்டாரும் லூயிசம்மையாரும் வென்ற அதே தப்பெண்ணம், இங்கே வேறொரு வாசல் வழியாக மீண்டும் நுழைந்ததைக் காண்கிறோம். ஆயினும் காப்பகம் என்னும் எண்ணம் பிரான்சின் பல நகரங்களுக்கும் பிற நாடுகளுக்கும் பரவிற்று.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டுமென்று விதித்தது. ஆனால் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகும் சித்தாள் பெண்ணுக்கு எந்த ஆலை? 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டின்போது, டெல்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்தில் மணலிலும் தூசியிலும் கிடந்த குழந்தைகளைக் கண்டார் மீரா மகாதேவன் என்னும் பெண்மணி. அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். வேலை முடிந்து தொழிலாளர் இடம் மாறினால் காப்பகமும் உடன் மாறும். ‘மொபைல் கிரீச்சஸ்’ என்ற அந்த அமைப்பு அப்படிப் பிறந்தது. தாய் எங்கே உழைக்கிறாளோ அங்கே காப்பகம் போக வேண்டும் என்பது இதில் நாம் கற்கும் பாடம்.

நமக்கு என்ன சொல்கிறது

இவ்வரலாற்றை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யூபிலி ஆண்டில் பல பங்குகளில் ஏதேனும் ஒரு நற்பணி தொடங்க வேண்டுமென்ற ஆர்வம் எழுகிறது. ஆர்வம் நல்லது. அந்த ஆர்வத்தோடு சில கேள்விகளையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் கொடுப்பது ஒரு நாள் விருந்தா, ஆண்டு முழுதும் வரும் ஒரு வேளைச் சோறா? இரண்டு மூன்று குழந்தைகளோடு தொடங்கிக் கற்றுக்கொள்ளப் பொறுமை உண்டா, அல்லது அடிக்கல் நாட்டிப் பெயர்ப்பலகை வைத்த பின்தான் குழந்தைகளைத் தேடப்போகிறோமா? பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டா? கோயில் அறிவிப்புப் பலகையில் கணக்கை ஒட்ட நமக்குத் தயக்கம் இல்லையே? குழந்தைகளோடு அன்றாடம் இருக்கும் ஆயாவும் ஆசிரியையும் கூட்டத்தில் பேச அழைக்கப்படுகிறார்களா, அல்லது நன்கொடையாளர் மட்டுமே பேசுகிறார்களா? தொடங்கியவர் மறைந்தால், அல்லது பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால், மறுநாள் காலை கதவைத் திறப்பவர் யார்?

இவை அனைத்துக்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. நம் உதவியால் அந்தக் குழந்தை தன் தாயிடமிருந்து விலகுகிறதா, தாயோடு இன்னும் நெருங்குகிறதா? பெற்றோரை இழந்த குழந்தைக்கு இல்லம் வேண்டும். ஆனால் வறுமையால் மட்டுமே இல்லத்தில் சேர்க்கப்படும் குழந்தைக்கு, இல்லத்தைவிட வீடே தேவை. அந்த வீட்டிற்கு அரிசியோ, தாய்க்கு ஒரு தையல் எந்திரமோ, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல இடமோ கொடுத்தால், அக்குடும்பம் தன் காலில் நிற்கும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம் பங்கில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகும் தாயும், சூளைக்குப் போகும் தாயும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கப் போகும் தாயும் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள், குழந்தையை யாரிடம் விட்டுப்போகிறார்கள் என்று இந்த யூபிலி ஆண்டில் அன்பியம் அன்பியமாக விசாரித்து ஒரு ஏட்டில் எழுதுவோம். லூயிசம்மையார் ஏட்டோடுதான் தொடங்கினார். அந்த ஏடு நிரம்பும்போது, நாம் செய்ய வேண்டியது என்னவென்று அதுவே நமக்குச் சொல்லும். அதைச் செய்ய இறைவன் நமக்கு மனத்தையும், செய்ததைத் தொடரப் பொறுமையையும் அருள்வாராக.